மூன்றேகால் மணிக்குத் தொலையும் கேக்குகள்

அத்தியாயம் ஒன்பது

கேக் கடையின் பின்கதவைத் திறந்ததுமே செக்கரின் நாக்கில் எச்சில் ஊறியது. உருகிய வெண்ணெய், வெனிலா, அதற்கெல்லாம் அடியில் கனமாக ஒரு சாக்லேட் வாசனை. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவருக்கு இனிப்பு என்ற பேச்சே கிடையாது. மனைவி சர்க்கரை டப்பாவைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து கேக் கடையில் விட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

"அத்தான், மூச்சை மூக்கால விடுங்க. வாயை மூடிக்கலாம்," என்றாள் பாஸ்.

பாஸ் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தங்கை. இருபத்தாறு வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்தவர், ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார்ந்து நொறுக்குத்தீனி தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல், மனைவிதான் அவரைத் தங்கையின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளராகத் தள்ளிவிட்டிருந்தாள். அன்று முதல் ஆபீஸ் நேரத்தில் அவருக்கு மச்சினி 'பாஸ்'. அவளுக்கோ எந்த நேரத்திலும் அவர் 'அத்தான்'தான். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவேன் என்பது செக்கரின் பெருமை. இந்தத் தொழிலுக்கு வந்த எட்டு மாதத்தில் அதே முறையில் ஏழு பேரைப் பிடித்திருந்தார். ஏழு பேரும் நிரபராதிகள்.

முதலாளியம்மா எதிரே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், இடுப்பில் செருகிய வெள்ளைக் கைக்குட்டை. பாஸ் நீட்டிய கார்டை வாங்கியவர், படிப்பதற்கு முன் அதை ஒரு துடை துடைத்தார். பிறகு, அவர்கள் திறந்துவிட்டு வந்த கதவின் கைப்பிடியையும் துடைத்தார்.

"யாரு செஞ்சதுன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். அது எனக்கே தெரியும். எவன் காசு குடுத்துச் செய்யச் சொன்னான், அதை மட்டும் சொல்லுங்க. போதும்."

"குற்றவாளியை நீங்களே பிடிச்சிட்டீங்கன்னா எங்க ஃபீஸ்ல பாதி குறையுமே," என்றார் செக்கர்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்து அந்தச் சமையலறையில் யாரும் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

விஷயம் இதுதான். மூன்று வாரத்தில் மூன்று கேக்குகள் தொலைந்திருந்தன. செய்த கேக் திருட்டுப் போகவில்லை. செய்யப்படவே இல்லை. முதலில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. அடுத்தது ஒரு பெரிய அதிகாரியின் பிரிவு விருந்து. மூன்றாவது இன்று காலை. கல்யாணப் பெண்ணின் அண்ணன் பத்து மணிக்கு வேனோடு வந்து நின்று, நாலடுக்கு கேக் எங்கே என்று கேட்டபோது, சமையலறையில் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டர்களைப் பதிவு செய்யும் ஆப்பில் தேடினால், முந்தின நாள் மூன்றேகால் மணிக்கு அந்த ஆர்டர் ரத்து செய்யப்பட்டிருந்தது. முதல் இரண்டும் அப்படியே, ஐந்து நிமிஷம் முன்னே பின்னே. மூன்றுமே சாக்லேட் கேக். மூன்றும் ரத்தானது ஒரே இடத்திலிருந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட் திரையிலிருந்து; இங்கே எல்லோருக்கும் அது 'டேப்'.

"மூணேகால் மணிக்கு இங்க யாரு இருப்பாங்க?" பாஸ் கேட்டாள்.

"காலை ஷிஃப்ட் ஆளுங்க ரெண்டரைக்கே கிளம்பிடுவாங்க. இருக்கிறது ரெண்டே பேரு. கிரீம் போடுற அக்காவும், இவரும்."

'இவரும்' என்ற சொல் அறையின் கோடியில் போய் விழுந்தது. அங்கே சாக்லேட் மாஸ்டர் தன் கரண்டிகளை ஒவ்வொன்றாக ஒரு துண்டில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் சாக்லேட் கிண்டிய கை. நகத்தின் இடுக்கில் இருந்த பழுப்பு நிறம் எந்த சோப்புக்கும் மசியாதது. பக்கத்தில் அவருடைய சொந்தப் பளிங்குக் கல், தூக்கிக்கொண்டு போகத் தயாராகக் கயிறு கட்டப்பட்டிருந்தது.

"போன மாசம் எதிர்த் தெரு கடைக்காரன் இவரைக் கூப்பிட்டு, எங்கிட்ட வந்துடுறீங்களான்னு கேட்டிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"கேட்டான். வர மாட்டேன்னு சொன்னேன். அதையும் உங்ககிட்ட நான்தான் வந்து சொன்னேன்," என்றார் மாஸ்டர், திரும்பிப் பார்க்காமலே.

மேஜை மேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. வேண்டுமென்றே ஆர்டர்களை ரத்து செய்து நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். நாலு மணிக்குள் மாஸ்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போலீஸ். போட்டால், அந்த ஒற்றைத் தாளைக் காட்டிய பிறகு எந்தச் சமையலறையும் அவரை வாசல் தாண்ட விடாது. காகிதத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை சாக்லேட்டில் பதிந்திருந்தது. படிக்கக் கொடுத்தபோது பதிந்ததாம்.

மணி இரண்டு பத்து. செக்கர் மாஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார். டிக்கெட் எடுத்த முகமாகத்தான் தெரிந்தது. ஆனால் தன் முகஜோசியம் எப்படிப்பட்டது என்று அவருக்கே தெரிந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

"அந்த டேப் எங்க?" என்றாள் பாஸ்.

"காலையில சண்டை நடந்ததும் நானே கழட்டி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். சாட்சியாச்சே." முதலாளியம்மா சாவியைத் திருப்பி அதை எடுத்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. "இருங்க, துடைச்சுத் தர்றேன்."

"ஐயையோ, வேண்டாம்! அப்படியே குடுங்க," என்றாள் பாஸ்.

"ஒரே அழுக்கா இருக்கேம்மா."

"அழுக்குதாம்மா எங்களுக்குச் சோறு போடுது," என்றார் செக்கர்.

"இதை யாரெல்லாம் தொடுவாங்க?" பாஸ் கேட்டாள்.

"இவங்க ரெண்டு பேரு. காலை ஷிஃப்ட்ல மூணு பேரு."

"நீங்க?"

"நான் எதுக்குத் தொடறேன்? எனக்கு அந்த ஆப்புல ஒண்ணும் தெரியாது. தூரத்துல நின்னு எழுத்தைப் படிச்சுக்குவேன், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே செக்கரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார். செக்கருக்கு உலகம் திடீரென்று பளிச்சென்று ஆனது. குற்றவாளி மட்டும் தெரியவில்லை.

டேப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மிச்ச உணவைச் சுற்றி வைப்பார்களே, அதே தாள். கிரீமும் மாவும் உள்ளே போகாமல் இருக்க டேப்புக்கு அதைச் சுற்றி வைப்பது இந்தச் சமையலறையின் வழக்கம்.

"தினமும் சாயங்காலம் உரிச்சுப் போட்டுட்டுப் புதுசு சுத்துவேன்," என்றாள் கிரீம் அக்கா. வாட்டசாட்டமான பெண், முழங்கை வரை வெள்ளை. "நேத்து ரோல் தீர்ந்துபோச்சு. அதனால முந்தாநாள் சாயங்காலம் சுத்தினதுதான் இன்னும் இருக்கு."

பாஸின் கண்கள் மின்னின. தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெயில் பட்டதும் நேற்றைய வேலை மொத்தமும் அதில் தெரிந்தது. வெள்ளைப் பொட்டுகள் கிரீம் அக்காவுடையவை. மஞ்சள் பிசுக்குக் காலை ஷிஃப்டின் வெண்ணெய். நடுவில் ஒரே இடத்தில் பாதி அழிந்த ஏழெட்டுப் பழுப்புப் பொட்டுகள், கோபத்தோடு குத்தியது போல. அந்தப் பொட்டுகளின் மேலாகப் பக்கவாட்டில் ஒரு பழுப்புத் தீற்றல், போகப் போக மங்கி ஓரத்தில் மறைந்திருந்தது.

செக்கர் ஒரு பொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அத்தான்!"

"தடயப் பரிசோதனை, பாஸ். சாக்லேட்தான். நல்ல கசப்பு, பின்னாடி லேசா ஆரஞ்சுத் தோல்." இன்னொரு பொட்டையும் தொட்டார். "இதுவும் அதேதான். எதுக்கும் மூணாவதையும் பாத்துடட்டுமா?"

"அக்காவுக்கு போன் போடட்டுமா?"

பரிசோதனை அத்துடன் முடிந்தது.

"மாஸ்டர், இந்த இடத்துல எதுக்கு இத்தனை தடவை குத்தினீங்க?" பாஸ் கேட்டாள்.

மாஸ்டர் முதல் முறையாகத் திரும்பினார். "ஒவ்வொரு ஆர்டரும் அதுல ஒரு பெரிய கட்டமா நிக்குதும்மா. நல்லா அடர்த்தியா வண்ணம் அடிச்சு, அமுக்கு அமுக்குன்னு கூப்பிடுற மாதிரி இருக்கும். அமுக்கினா ஒண்ணும் ஆகாது. ஏழெட்டுத் தடவை குத்தினா ஒண்ணு பலிக்கும். 'தொடங்கியாச்சு'ன்னு வரும். ஏன் பலிச்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"மூணு வாரம் முன்னாடி வரைக்கும் இப்படி இல்லை," என்று கிரீம் அக்கா சேர்ந்துகொண்டாள். "பழைய ஆப்புல பட்டன் பட்டனாத் தெரியும். பிஸ்கட் மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும், கீழ நிழல் விழும். இப்ப எல்லாம் சுவத்துல பெயிண்ட் அடிச்ச மாதிரி தட்டையா இருக்கு. எது எழுத்து, எது பட்டன்னு அம்மாவோட மாப்பிள்ளைக்குத்தான் வெளிச்சம்."

"சரி, ஒரு நாலடுக்கு கேக் ஆர்டர் திடீர்னு காணாம போனா உங்களுக்குச் சந்தேகம் வரலையா மாஸ்டர்?"

"காணோம்னா வாடிக்கையாளர் வேண்டாம்னுட்டார்னு அர்த்தம். மாசத்துக்கு நாலு அப்படிப் போகும். ஏன்னு கேட்க எனக்கு உரிமை கிடையாது. நேத்து உருக்கி வெச்ச சாக்லேட்டை மறுபடி கட்டியாக்கிட்டு வீட்டுக்குப் போனேன்."

"ரத்து எப்படிப் பண்றதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

முதலாளியம்மாவின் மாப்பிள்ளைதான் ஆப்பைச் செய்தவர். அவர் அறை மாடியில் இருந்தது. கதவு வழுவழுவென்று வெள்ளையாக, கைப்பிடி இல்லாமல், சுவரோடு சுவராக நின்றது. செக்கர் முதலில் கதவையே தாண்டிப் போய்விட்டார். திரும்பி வந்து இழுக்கப் பார்த்தார். பிடிக்க எதுவும் இல்லை. தட்டினார். கடைசியில் அலுத்துப்போய்ச் சாய்ந்து நின்றபோது கதவு திறந்துகொள்ள, அறைக்குள் மாப்பிள்ளையின் காலடியில் போய் விழுந்தார்.

"தள்ளினா திறக்கும்," என்றார் மாப்பிள்ளை அன்பாக.

"தள்ளணும்னு எப்படிங்க தெரியும்?"

"ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா மறக்காது."

"ஆமா. முட்டி மறக்காது," என்று செக்கர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கெட்டவராகத் தெரியவில்லை. இளைஞர், மெல்லிய குரல், மேஜை மேல் ஒரு பேனாகூடக் கிடையாது. பழைய ஆப்பின் படத்தை எடுத்துக் காட்டினார். பின்னணியில் மரப்பலகை, அதன் மேல் பளபளப்பான பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் நிழல், ஓரத்தில் சும்மா ஒரு பூ.

"அந்தப் பழைய டேப்புல இது திறக்கவே ஒரு நிமிஷம் ஆகும். பாதி நாள் அப்படியே நின்னுடும். எழுத்தெல்லாம் பட்டனுக்குள்ள நெருக்கிக்கிட்டு இருந்துச்சு. அத்தைக்குப் பத்தடி தள்ளி நின்னு படிக்கணும், முடியல. நான் நிழலை எடுத்தேன், பளபளப்பை எடுத்தேன், கோட்டை எடுத்தேன். இப்ப கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஆப் திறக்குது. எழுத்து வாசல்ல இருந்தே தெரியுது. டெலிவரிப் பசங்களோட சின்ன போன்லயும் இதே ஆப் ஓடுது. நாள் முழுக்கப் பாக்கிற திரை, கண்ணை உறுத்தக்கூடாது இல்லையா?"

"எல்லாம் நியாயம்தான்," என்றாள் பாஸ். அவள் நிஜமாகவே சொன்னாள். "ஆனா மாஸ்டர் ஏழு தடவை குத்துறாரே?"

மாப்பிள்ளை கொஞ்சம் சங்கடப்பட்டார். "கட்டத்துல எங்க வேணா குத்தக்கூடாது. வலது மூலையில 'தொடங்கு'ன்னு இருக்கு, அதைத்தான் தொடணும்."

பாஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். நீலக் கட்டத்தின் மூலையில், அதைவிட ஒரு சாயல் மங்கிய நீலத்தில், அந்தச் சொல் ஒளிந்துகொண்டிருந்தது.

"ரத்து பண்ணணும்னா?"

அந்த இடத்தில் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ரத்துன்னு ஒரு பட்டன் வெச்சு எதுக்கு இடத்தை அடைக்கணும்? கட்டத்து மேல விரலை வெச்சு அப்படியே பக்கவாட்டுல ஒரு தள்ளு. ஆர்டர் போயிடும். அடுத்த கட்டம் அந்த இடத்துக்கு வந்துடும். 'ரத்தானது, மீட்கவா?'ன்னு கீழ மூணு செகண்ட் ஒரு வரி வரும். அவ்வளவுதான்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"கவுண்டர்ல இருக்கிற ரெண்டு பேருக்குச் சொல்லிக்குடுத்தேன். அவங்க அவங்க போன்லயே பண்ணிக்குவாங்க, சமையலறைப் பக்கம் வர வேலை கிடையாது. அங்க தெரிஞ்சவன்னா நான் மட்டும்தான்."

செக்கர் நிமிர்ந்தார். எட்டாவது ஆள் அகப்பட்டுவிட்டான் என்ற பரவசத்தில் அவருக்குக் கால்வலிகூட மறந்துபோனது. "நேத்து மூணேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"மகளோட ஸ்கூல் வாசல்ல. தினமும் ரெண்டே முக்காலுக்குக் கிளம்பினா மூணே முக்காலுக்குத்தான் திரும்புவேன். வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். இன்னிக்குத்தான் இந்தக் கலாட்டாவால மனைவி போயிருக்கா."

பாஸ் பள்ளிக்கு போன் போட்டுக் கேட்டாள். மூன்று நாளும் மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. செக்கரின் எட்டாவது ஆளும் நிரபராதி.

படிக்கட்டில் இறங்கும்போது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "ரத்து பண்ணத் தெரிஞ்சவரு அங்க இல்ல. அங்க இருந்த ரெண்டு பேருக்கும் ரத்து பண்ணத் தெரியாது. அப்ப கேக்குக்கே கால் முளைச்சுதா பாஸ்?"

பாஸ் நடுப்படியில் நின்றாள். "அந்தத் தீற்றலை நல்லாப் பாத்தீங்களா அத்தான்?"

"பாத்தேன். சுவைக்கத்தான் விடல."

"விரல் இழுத்த கோடுன்னா வழவழன்னு இருக்கணும். அதுல மெல்லிசா வரி வரியா இருந்துச்சு. நூல் மாதிரி."

"நூலா?"

"ஒண்ணு கேக்குறேன். பஸ்ல ஏறி, மொத்தம் எத்தனை பேருப்பான்னு கண்டக்டரைக் கேட்டா, அவர் தன்னையும் சேர்த்து எண்ணிச் சொல்லுவாரா?"

"எங்க சேர்ப்பார்? அவர் கணக்குல அவர் வரவே மாட்டாரே…" செக்கரின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. "பாஸ்! ஃபீஸ் குடுக்கிறதே அவங்கதானே!"

"அதான் நானும் யோசிக்கிறேன். நாம சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்க கையே சொல்லணும். நீங்க கொஞ்சம் சாக்லேட் சாப்பிட வேண்டியிருக்கும், அத்தான்."

இருபத்தாறு வருஷப் பணியில் செக்கருக்கு இப்படியொரு உத்தரவு வந்ததில்லை.

மூன்று மணிக்கு டேப் சுவரில் பழைய இடத்தில் மாட்டப்பட்டது. மாப்பிள்ளை அதில் ஒரு சோதனை ஆர்டரை ஏற்றினார். ஏழடுக்கு சாக்லேட் கேக். எதற்கென்று அவருக்குச் சொல்லவில்லை. மாஸ்டர் மூட்டையை அவிழ்த்து, ஒரு கரண்டியை எடுத்து, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொஞ்சம் சாக்லேட்டை உருக்கிக் கொடுத்தார். செக்கர் அதில் முக்கால்வாசியைத் துப்பறியும் கலைக்காக விழுங்கிவிட்டு, மிச்சத்தை விரலில் எடுத்து, நீலக் கட்டத்தின் நடுவில் நாலு குத்துக் குத்தினார்.

"எல்லாரும் இங்க வாங்க," என்று பாஸ் கூப்பிட்டாள். "கையெழுத்து விஷயத்தை முடிச்சிடலாம்."

முதலாளியம்மா கடிதத்தோடு வந்து டேப்புக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே மாஸ்டர். அவர் பேனாவைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். பாஸின் திட்டம் அவருக்கும் தெரியாது. தன் கதை முடிந்தது என்றே நினைத்தார். அதைப் பார்த்த செக்கருக்கு வாயிலிருந்த இனிப்பு கசந்தது.

"சொல்லுங்க, யாரு காசு குடுத்தது? எதிர்த் தெருக்காரன்தானே?" என்றார் முதலாளியம்மா.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. மாஸ்டர்தான் செஞ்சார்னு நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"வேற யாரு இருக்கா?" முதலாளியம்மாவின் குரல் உயர்ந்தது. "பத்தொன்பது வருஷம் இந்த இடத்தை நான் கண்ணாட்டம் பாத்துக்கிறேன். தினம் மூணு மணிக்கு நானே ரவுண்டு வர்றேன். ஒரு பொட்டு மாவு கீழ கிடக்க விடமாட்டேன். எனக்குத் தெரியாம இங்க ஒரு ஈ பறக்காது. பாருங்க, இதையே பாருங்க, கொஞ்சமாவது சுத்தம் இருக்கா? இப்பத்தானே மாட்டினோம், அதுக்குள்ள யாரு இதை இப்படி…"

பேச்சு நிற்கவில்லை. பார்வை மாஸ்டரை விட்டு அகலவில்லை. வலது கை மட்டும் தன்பாட்டுக்கு இடுப்புக்குப் போய்க் கைக்குட்டையை உருவியது, கட்டத்தின் மேல் அழுத்தியது, பக்கவாட்டில் ஒரே இழு.

ஏழடுக்கு கேக் நழுவிப் போனது. அடுத்த ஆர்டர் அதே நீலத்தில், அதே அளவில், அதே இடத்தில் வந்து நின்றது. கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. செக்கர் உரக்க எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." வரி மறைந்தது.

திரை இப்போது சுத்தமாக இருந்தது.

கிரீம் அக்காதான் முதலில் வாயில் கை வைத்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன? என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார் முதலாளியம்மா.

"நீங்க இப்பத்தான் ஒரு ஆர்டரை ரத்து பண்ணினீங்கம்மா," என்றாள் பாஸ் மெதுவாக. "மூணேகால் மணிக்கு."

"நானா? நான் அதைத் தொடவே இல்லையே! துடைச்சேன்!"

"உங்களுக்குத் துடைக்கிறது வேற, தொடுறது வேற. அந்த ஆப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாஸ்டர் குத்துறது சாக்லேட் ஆர்டரை. பழுப்புக் கறை விழுறது அதுல மட்டும்தான். நீங்க ரவுண்டு வரும்போது கறையைப் பாத்தா துடைப்பீங்க. கை பக்கவாட்டுல இழுத்த நாள்ல, கூட அந்த ஆர்டரும் போயிடும். கிரீம் வெள்ளைப் பொட்டு, வெள்ளை எழுத்தோட கலந்து உங்க கண்ணுல படாது. அதனாலதான் கிரீம் கேக்கெல்லாம் தப்பிச்சுது."

செக்கர் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளையும் முதலாளியம்மாவின் கைக்குட்டையையும் அருகருகே பிடித்துக் காட்டினார். தீற்றலின் வரிகளும் துணியின் நெசவும் பொருந்தி நின்றன. கைக்குட்டையின் மறு மூலையில், மடிப்புக்குள், நேற்றைய பழுப்பும் இருந்தது.

முதலாளியம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அத்தை, என் தப்பும் இருக்கு," என்றார் மாப்பிள்ளை. "நான்தான் அதை அவ்வளவு சுலபமா ஆக்கினேன். அழகா இருக்குன்னு நினைச்சேன்."

"அழகாத்தான் இருக்கு," என்றாள் பாஸ். "அந்தப் பூவையும் மரப்பலகையையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். வேகமும் பெரிய எழுத்தும் இவங்களுக்கு நிஜமாவே உதவுது. ஆனா தொடுற இடத்துக்கு மட்டும் ஒரு கோடோ, துளி நிழலோ வைங்க. தொடக்கூடாத இடம் பட்டன் வேஷம் போடாம இருக்கட்டும். முக்கியமா, ஒரு கல்யாண கேக்கைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஆப் ஒரு வார்த்தை கேக்கட்டும்."

"அப்படியே அந்தக் கதவுக்கும் ஒரு கைப்பிடி," என்றார் செக்கர்.

நாலு மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மாஸ்டர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. சந்தோஷத்துக்கு முன்னால் வரவேண்டிய ஏதோ ஒன்று பாக்கியிருந்தது.

"கல்லை எடுத்து மேடையில வைங்க மாஸ்டர்," என்றார் முதலாளியம்மா.

மாஸ்டர் அசையவில்லை. "பத்தொன்பது வருஷம்மா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

முதலாளியம்மா எழுந்தார். எல்லோர் முன்னிலையிலும், அவருக்குப் பழக்கமே இல்லாத அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டார்.

"தப்பு என்னோடது. உங்களைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க. அந்த மூணு பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன், எங்க மாஸ்டர் பண்ணல, நான்தான் பண்ணினேன்னு."

சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஓரத்தில் அந்தக் கட்டைவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருந்தது. கைக்குட்டை தானாக மேலே வந்தது. காகிதத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் கை நின்றது. சற்று நேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைக்குட்டையை இடுப்பில் செருகினார். கடிதத்தில் டைப் அடித்திருந்த பாகத்தை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டார். ரேகை இருந்த துண்டை டேப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

மாஸ்டர் கல்லின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கண் கலங்கியிருந்ததால்தான் என்று செக்கருக்குத் தெரியும். இந்த ஒரு முகத்தை மட்டும் அவர் ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படித்திருந்தார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்த முதலாளியம்மா, செக்கரின் மீசையைப் பார்த்துவிட்டார். அதில் சாக்லேட் தாராளமாக ஒட்டியிருந்தது. கை மறுபடி இடுப்புக்குப் போனது.

செக்கர் இரண்டடி பின்னால் குதித்தார். "வேண்டாம்மா! நீங்க துடைச்சா நான் ரத்தாயிடுவேன்!"

முதலாளியம்மா சிரித்தார். உள்ளேயிருந்து கிரீம் அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"துடைச்சுக்கோங்க அத்தான்," என்றாள் பாஸ். "அதோட வீட்டுக்குப் போனீங்கன்னா எங்க அக்கா மூணு செகண்டுகூடக் குடுக்க மாட்டா."